ஹீரோவை மாற்றச் சொன்ன ஸ்டூடியோ... சொந்தமாக ஊரையே கட்டிய பாடகர்! - ஒரு குட்டி பட்ஜெட் கௌபாய் படத்தின் கதை

ஒரு பாட்டை நீங்க இருபது வருஷமா பாடிட்டு வர்றீங்க. அதை மையமா வெச்சு ஒரு ஆல்பம் போடுறீங்க, அது நாடு முழுக்க ஹிட். அதைச் சினிமாவாக எடுக்க ஹாலிவுட்டின் பெரிய ஸ்டூடியோ ஒன்று தேடி வருது. கதையைக் கோத்தது நீங்க, பாடினது நீங்க, ஆல்பத்தின் அட்டையில் வரைந்திருக்கும் முகமும் உங்களுடையதுதான். எல்லாம் பேசி முடிச்ச பிறகு ஸ்டூடியோ ஒரே ஒரு விஷயம் கேட்குது... ஹீரோ மட்டும் வேற ஆளாக இருந்தா நல்லா இருக்குமே?

அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனுக்கு நடந்தது இதுதான். அவர் சண்டை போடவில்லை, கேஸ் போடவில்லை. காத்திருந்தார். ரொம்ப வருஷம் காத்திருந்தார். பிறகு தன் சொந்த நிலத்தில் ஒரு கௌபாய் ஊரையே கட்டி, தன் டிரம்மரை வில்லன் கோஷ்டியில் சேர்த்து, ஸ்டூடியோ முதலில் போட்ட பட்ஜெட்டில் ஒரு சின்னப் பங்கை வைத்துப் படத்தை எடுத்தார். படத்தின் பெயர் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' (1986). செந்தலை அந்நியன் என்று சொல்லலாம்.

படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆனால் அந்த ஊர் இன்னும் நிற்குது. அதுக்குப் பிறகு வருவோம்.

முதல்ல, இந்தத் தாத்தா யார்?

ரெண்டு பக்கமும் நீளப் பின்னல், நெற்றியில் ஒரு கைக்குட்டை, கையில் ஓட்டை விழுந்த கிட்டார். இந்த உருவத்தை ஏதாவது ஒரு மீம்லயாவது நீங்க பார்த்திருப்பீங்க. 1933-ல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆபட் என்ற குக்கிராமத்தில் பிறந்தவர். தாத்தா பாட்டி வளர்ப்பு, பருத்தி வயல், சர்ச் பாட்டு. அப்படித்தான் ஆரம்பம்.

கன்ட்ரி இசையின் தலைநகரம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். அங்கே வில்லி பாட்டு எழுதுபவராக ஜெயித்தார். பாட்ஸி க்ளைன் 1961-ல் பாடிய 'க்ரேஸி' இவர் எழுதியதுதான். ஆனால் பாடகராக மட்டும் எடுபடவில்லை. அவர் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே, பேசுவது மாதிரி பாடுவார். நாஷ்வில் தயாரிப்பாளர்களோ அந்தக் குரலைச் சுற்றி வயலின் கூட்டத்தையும் கோரஸையும் அடுக்கி மெழுகிவிடுவார்கள். சாம்பார் கேட்டவருக்குப் பாயசம் ஊற்றின கதை.

1970 டிசம்பரில் நாஷ்வில் அருகே இருந்த அவர் வீடு எரிந்துபோனது. எரியும் வீட்டுக்குள் ஓடி அவர் காப்பாற்றிய முக்கியமான பொருள், கிட்டார். (கூடவே ஒரு பை கஞ்சாவையும் எடுத்து வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதை நாம கண்டுக்க வேண்டாம்.) அந்த மார்ட்டின் கிட்டாருக்கு 'ட்ரிகர்' என்று பெயர். அந்தக் கால கௌபாய் ஹீரோ ராய் ரோஜர்ஸின் குதிரை பெயர் அது. இந்தக் குதிரைப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

வீடு போனதும் டெக்சாஸ் திரும்பிவிட்டார். ஆஸ்டின் நகரத்தில் கௌபாய் தொப்பி போட்டவர்களும் முடி வளர்த்த ஹிப்பிகளும் ஒரே அரங்கில் நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வில்லியும் ஷேவிங்கை நிறுத்தினார், முடி வளர்த்தார். நாஷ்வில் விதிகளுக்கு அடங்காத இந்தக் கூட்டத்துக்குப் பிறகு 'அவுட்லா கன்ட்ரி' என்றே பெயர் வந்துவிட்டது.

தாலாட்டாகப் பாடிய கொலைக் கதை

'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' என்ற பாட்டை எழுதியது வில்லி இல்லை. வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தைச் சேர்ந்த எடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் என்ற இருவர். எடித் அந்த ஊர்ச் செய்தித்தாளில் சினிமா விமர்சனம் எழுதியவர். 1950-களின் நடுவில் ஃபோர்ட் வொர்த் ரேடியோவில் வில்லி டிஸ்க் ஜாக்கியாக இருந்தபோது, மதியம் தூங்கப்போகும் குட்டிப் பிள்ளைகளுக்காக இந்தப் பாட்டைப் போடுவாராம். வீட்டில் தன் குழந்தைகளைத் தூங்கவைக்கவும் இதையே பாடியிருக்கிறார்.

பாட்டு என்ன சொல்லுதுன்னு கேட்டா தூக்கம் போயிடும். மனைவியை இழந்த ஒரு செந்தலை ஆள், கறுப்புக் குதிரையில் ஏறி வருகிறான். இறந்தவளின் குதிரையையும் கூடவே நடத்தி வருகிறான். ஒரு ஊரில் ஒரு பெண் அந்தக் குதிரை மேல் கை வைக்கிறாள். சுட்டுவிடுகிறான். குதிரைத் திருட்டைத் தடுத்தான் என்று சட்டமும் அவனை விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் கதை!

1975 வாக்கில் கொலம்பியா நிறுவனம் வில்லியை ஒப்பந்தம் செய்தது. அதில் ஒரு முக்கியமான ஷரத்து உண்டு. ஆல்பத்தில் என்ன வரணும் என்பதை வில்லிதான் முடிவு செய்வார். அந்தச் சமயத்தில் கொலராடோவிலிருந்து காரில் வீடு திரும்பும்போது, அப்போதைய மனைவி கோனி இந்தப் பழைய பாட்டை நினைவுபடுத்தினார். வண்டி ஓட்டிக்கொண்டே வில்லி யோசித்தார். அந்த ஆள் யார்? மனைவி எப்படிப் போனாள்? அவன் ஒரு பாதிரியார், மனைவி பழைய காதலனோடு போய்விட்டாள், அவன் துரத்திப்போய் இருவரையும் கொன்றான், அதற்குப் பிறகுதான் இந்தப் பாட்டில் வரும் அலைச்சல் என்று முன்கதை உருவானது. சொந்தப் பாட்டு கொஞ்சம், பழைய பாட்டு நிறைய என்று கோத்து ஒரு முழு ஆல்பம் ஆக்கிவிட்டார்.

டெக்சாஸின் கார்லண்ட் நகரத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் பதிவு நடந்தது. செலவு சுமார் 4,000 டாலர். கிட்டார், பியானோ (அக்கா பாபி), ஹார்மோனிகா, லேசாக டிரம்ஸ். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நிறைய மௌனம். கொலம்பியா அதிகாரிகள் கேட்டுவிட்டு இது முடிந்த ஆல்பமா, டெமோவா என்று குழம்பினார்கள். இன்னும் கொஞ்சம் வயலின் சேர்க்கலாமே என்று இழுத்தார்கள். அந்த மீட்டிங்கில் வில்லியின் நண்பரும் சக பாடகருமான வேலன் ஜென்னிங்ஸ் கொதித்துப்போய்க் கத்தியது கன்ட்ரி இசை வரலாற்றில் பிரபலம். கடைசியில் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். எப்படிக் கொடுத்தாரோ அப்படியே 1975-ல் வெளியானது.

அதிலிருந்த 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. 42 வயதில், பாடகராக வில்லிக்கு அதுதான் முதல் நம்பர் ஒன். கிராமி விருதும் வந்தது. இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, நான் சொன்னபடி செய்தால் ஜெயிக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான், அடுத்துப் படத்துக்காக அவர் செய்தது புரியும்.

பாடகர்களும் குதிரைகளும்

கன்ட்ரி பாடகர்களைக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுப்பது ஹாலிவுட்டுக்குப் புதுசு இல்லை. 1935-ல் ஜீன் ஆட்ரி என்ற ரேடியோ பாடகரை வைத்து ரிபப்ளிக் நிறுவனம் 'டம்ப்ளிங் டம்பிள்வீட்ஸ்' எடுத்தது. செம வசூல். அதன் பிறகு ராய் ரோஜர்ஸ், டெக்ஸ் ரிட்டர் என்று வரிசையாகப் பாடும் கௌபாய்கள். படம் ஒரு மணி நேரம் சொச்சம் ஓடும். துரத்தல், சண்டை, பாட்டு, மறுபடி துரத்தல். சின்னப் பையனாக இருந்தபோது வில்லி இந்தப் படங்களைப் பார்த்து மயங்கியவர். கிட்டாருக்குக் குதிரைப் பெயர் வந்த காரணம் இப்போ புரியுதா?

1950-களில் டிவி வந்து இந்த மலிவுப் படங்களைக் காலி செய்தது. ஆனாலும் சரக்கு முழுசாகத் தீரவில்லை. 1961-ல் வெளியான 'பஃபலோ கன்' என்ற படத்தில் மார்ட்டி ராபின்ஸ், வெப் பியர்ஸ், கார்ல் ஸ்மித் என்று அந்தக் காலத்தின் மூன்று கன்ட்ரி ஸ்டார்கள். மூணு பேருமே வண்டி வண்டியாக ஹிட் கொடுத்தவர்கள். அந்தப் படத்தின் நாயகன் வெய்ன் மாரிஸ் 1959-லேயே இறந்துவிட்டார் என்றால், படம் எவ்வளவு நாள் பெட்டியில் தூங்கியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இப்படிப்பட்ட படங்களின் லாஜிக் ரொம்ப எளிமை. நடிகருக்குக் கொடுக்கக் காசு இல்லை, பாடகருக்கு ஏற்கெனவே ரசிகர் கூட்டம் இருக்கு. போஸ்டரில் அவர் பெயரைப் போட்டால் போதும், தெற்கு மாநிலங்களின் டிரைவ்-இன் தியேட்டர்கள் பார்த்துக்கொள்ளும். நடிப்பு? அதை யார் கேட்டா!

இன்னொரு சுவாரசியம். 1971-ல் ஜானி கேஷ், கிர்க் டக்ளஸோடு நடித்த 'எ கன்ஃபைட்' படத்துக்குப் பணம் போட்டது எந்த ஸ்டூடியோவும் இல்லை. நியூ மெக்சிகோவின் ஹிகாரியா அபாச்சி பழங்குடியினர்! கௌபாய் படங்கள் காலம் காலமாக யாரைச் சுட்டு விளையாடினவோ, அவர்களே தயாரிப்பாளர்கள். டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் படித்து அபாச்சி என்ற பெயரை அறிந்தவர்களுக்கு இந்தத் தகவல் ஒரு தனி கிக்.

"வெஸ்டர்ன்" என்றாலே பயந்த காலம்

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' ஆல்பத்தைத் திரைக்கதையாக எழுதியவர் பில் விட்லிஃப். டெக்சாஸ்காரர். எழுத்தாளர், புகைப்படக் கலைஞர், வில்லியின் நண்பர். பிறகு 1989-ல் டிவியில் சக்கைப்போடு போட்ட 'லோன்ஸம் டவ்' தொடரின் திரைக்கதையும் இவருடையதுதான்.

திரைக்கதை யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போனது. ஒரு கோடி டாலருக்கு மேல் பட்ஜெட் பேசினார்கள். ஆனால் அவ்வளவு பணம் போடும்போது பாதிரியார் வேடத்துக்கு அவர்கள் நினைத்தது ராபர்ட் ரெட்ஃபோர்டை. வில்லி சினிமாவில் முதன்முதலாக முகம் காட்டியதே 1979-ல் ரெட்ஃபோர்டு நாயகனாக நடித்த 'த எலெக்ட்ரிக் ஹார்ஸ்மேன்' படத்தில்தான். ஒரே ஆளிடம் அறிமுகமும் வாங்கி, தன் சொந்த வேடத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை. நல்ல வேளையோ கெட்ட வேளையோ, நெடுநாள் யோசித்துவிட்டு ரெட்ஃபோர்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் இல்லை என்றதும் ஸ்டூடியோவுக்கும் ஆர்வம் போய்விட்டது.

ஸ்டூடியோவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1980-ல் 'ஹெவன்ஸ் கேட்' என்றொரு வெஸ்டர்ன் வந்தது. செலவு சுமார் 4.4 கோடி டாலர். அமெரிக்காவில் வசூல் 35 லட்சம் டாலர் அளவுக்குத்தான். சாப்ளின் உள்ளிட்டோர் தொடங்கிய யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் நிறுவனமே அடுத்த வருடம் கைமாறியது. அந்தப் படத்தின் நாயகன் யார் தெரியுமா? கிரிஸ் கிரிஸ்டோஃபர்சன். அவரும் கன்ட்ரி பாடகர்தான், வில்லியின் நெருங்கிய நண்பர்தான்! குதிரை, தொப்பி, பாடகர் என்ற மூணு வார்த்தையை ஒரே வாக்கியத்தில் கேட்டாலே தயாரிப்பாளர்கள் நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிய காலம் அது.

நடுவில் வில்லி சும்மா இல்லை. 1982-ல் விட்லிஃப் எழுதிய 'பார்பரோஸா' என்ற வெஸ்டர்னில் நாயகனாக நடித்தார். ஆனால் செந்தலை அந்நியன் மட்டும் மனசிலிருந்து இறங்கவில்லை.

ஊரைக் கட்டு, டிரம்மரைக் கூப்பிடு

ஒரு பீரியட் படத்தில் காசு எங்கே கரையும்? செட், உடை, குதிரை, நடிகர் சம்பளம், எல்லாரையும் தங்க வைக்கும் செலவு. வில்லியும் விட்லிஃபும் இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாக அடித்தார்கள்.

ஆஸ்டினுக்கு மேற்கே, ஸ்பைஸ்வுட் பக்கத்தில் வில்லிக்குப் பெரிய நிலம் இருந்தது. அந்த மேட்டு நிலத்தில் மரத்தாலேயே ஒரு தெரு எழுந்தது. சர்ச், பேங்க், ஜெயில், சலூன்... கதைப்படி அது மோன்டானா மாநிலத்தின் டிரிஸ்கால் என்ற ஊர். செட் இருக்கும் இடமும் வில்லியின் வீடும் பக்கம் பக்கம் என்பதால், ஷூட்டிங் முடிந்ததும் ஹீரோ நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

நடிகர்கள்? மனைவியாக மார்கன் ஃபேர்சைல்டு, பிறகு அவன் வாழ்வில் வரும் பெண்ணாக 'த கிராஜுவேட்' புகழ் கேத்தரின் ராஸ், ஷெரீஃபாக ஆர்.ஜி.ஆர்ம்ஸ்ட்ராங், ஊரை அடக்கி ஆளும் கிழட்டு வில்லனாக ராயல் டேனோ. இந்த நான்கு பேர்தான் தொழில்முறை முகங்களில் முக்கியமானவர்கள். வில்லனின் மகன்கள் வேடத்துக்கு ஆள் தேட வேண்டியதே இல்லை. வில்லியின் டிரம்மர் பால் இங்கிலிஷ், பேஸ் கிட்டாரிஸ்ட் பீ ஸ்பியர்ஸ்! பால் இங்கிலிஷ் பற்றித் தனி கட்டுரையே எழுதலாம். கூரான தாடி, தோளில் கறுப்புப் போர்வை என்று மேடையில் சாத்தான் மாதிரியே வருவார். இளமையில் ஃபோர்ட் வொர்த் நகரத்து அடிதடி உலகத்தைப் பார்த்தவர். கச்சேரி முடிந்ததும் காசு கொடுக்காமல் நழுவப் பார்க்கும் முதலாளிகளிடம் வசூல் செய்வதும் அவர் வேலை, அதுக்குத் துப்பாக்கியோடதான் போவார். இவருக்கு வில்லன் வேடம் போட மேக்கப்மேன் எதற்கு?

இயக்குநர் சம்பளமும் மிச்சம். விட்லிஃபே இயக்கினார். அவர் இயக்கிய ஒரே படம் இதுதான். எல்லாம் சேர்த்து சுமார் 18 லட்சம் டாலருக்குள் 1985-ல் படப்பிடிப்பு முடிந்தது. 'ஹெவன்ஸ் கேட்' செலவோடு வைத்துப் பாருங்க, அதில் இருபத்து நாலில் ஒரு பங்கு.

அதே 1985-ல்தான் கடனில் தத்தளித்த அமெரிக்க விவசாயிகளுக்காக நீல் யங், ஜான் மெல்லன்கேம்ப்போடு சேர்ந்து வில்லி 'ஃபார்ம் எய்டு' கச்சேரியைத் தொடங்கினார். இதைச் சொல்லக் காரணம் இருக்கு. ஆல்பத்தில் விவசாயம், தண்ணீர்ப் பிரச்னை எதுவுமே கிடையாது. படத்தில் வில்லன் குடும்பம் ஊரின் தண்ணீரைத் தன் பிடியில் வைத்திருக்கிறது; பாதிரியார் அதை எதிர்க்கிறார். இந்தத் தண்ணீர்ப் பிரச்னை விட்லிஃபின் திரைக்கதையில் வந்தது. இருந்தாலும் படத்தை இன்று பார்க்கும்போது, நிலத்தை நம்பினவன் பக்கம் நிற்கும் அந்த வில்லி ரெண்டு இடத்திலும் ஒரே ஆள்தான் என்று தோணுது.

சரி, படம் எப்படி?

உண்மையைச் சொல்லிடறேன். சுமார்.

முதல் பாதி நன்றாகவே இருக்கு. ஜூலியன் ஷே என்ற பாதிரியார் புது மனைவியோடு பிலடெல்ஃபியாவிலிருந்து இந்தப் புழுதி ஊருக்கு வந்து இறங்குகிறார். அவள் மனசு வேறு ஒருவனிடம் இருக்கிறது என்பது பார்ப்பவர்களுக்கு உடனே புரிகிறது, அவருக்கு மட்டும் புரியவில்லை. வில்லி பெரிதாக நடிப்பதில்லை. சும்மா நிற்கிறார், பார்க்கிறார். அந்தச் சுருக்கம் விழுந்த முகமே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. செட் பிரமாதம், புதுசா கட்டின ஊர் என்ற வாசனையே இல்லை. பின்பாதியில் கதை அலைகிறது. சண்டைக் காட்சிகளில் பட்ஜெட் பல்லைக் காட்டுகிறது. நம்ம டிரம்மர் அண்ட் கோ பார்க்கப் பயங்கரமா இருக்காங்க, வசனம் பேச ஆரம்பிச்சா கொஞ்சம் சிரிப்பு வருது.

பெரிய சிக்கல் வேறு. ஆல்பம் மொத்தமே அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான். அதன் பலம், சொல்லாமல் விட்ட இடங்கள். துப்பாக்கி வெடிக்கும் தருணத்தைக்கூட ஒரு வரியில் தாண்டிவிடுவார், மீதியை நம் காது கற்பனை செய்யும். படத்தில் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டும். காட்டக் காட்ட அந்த மர்மம் கரைகிறது. 4,000 டாலர் ஆல்பத்தை 18 லட்சம் டாலர் படத்தால் எட்டிப்பிடிக்க முடியவில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. கதைப்படி ஒரு ஆண், பிரிந்துபோன மனைவியைக் கொல்கிறான். பாட்டில் குதிரையைத் தொட்டதற்காக இன்னொரு பெண்ணையும் கொல்கிறான். கேட்பவர்கள் பாவம் அவனுக்கு எவ்வளவு வலி என்று உருகுகிறோம்! அந்த மெட்டு அப்படி. செத்துப்போன ரெண்டு பெண்களுக்கும் ஆல்பத்தில் பெயர்கூடக் கிடையாது. படம் இந்த இடத்தில் ஆல்பத்தைவிடக் கொஞ்சம் நேர்மை. மனைவிக்கு ஒரு பெயர் இருக்கு, ரேஷா. விருப்பமில்லாத கல்யாணத்தில் மாட்டிக்கொண்டவளின் முகம் இருக்கு. கொலைக்குப் பிறகு ஷே ஒரு மிருகமாகத் திரிகிறான், அதைப் படம் அழகுபடுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு கேத்தரின் ராஸ் வந்து அன்பு காட்ட, அவன் திருந்தி, துப்பாக்கியோடு ஊரைக் காப்பாற்றத் திரும்புகிறான். கணக்கு சரியாகிவிட்டதாம். அது எப்படிச் சரியாகும்? 'எக்ஸ்' வேறு ஒருவரோடு போனதற்கு ஆசிட் பாட்டிலைத் தேடும் ஆட்கள் இருக்கும் உலகத்தில், இந்தக் கதையை அவ்வளவு மென்மையாகக் கடந்துவிட எனக்கு மனசு வரவில்லை. பாட்டு பிடிக்கும். ஆள் பிடிக்காது. ரெண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம்தானே?

நாலு பாடகர், ஒரு வண்டி

1986-ல் வெள்ளித்திரையைவிடச் சின்னத்திரை இவர்களைக் கொண்டாடியது. முந்தின வருடம் வில்லி, ஜானி கேஷ், வேலன் ஜென்னிங்ஸ், கிரிஸ் கிரிஸ்டோஃபர்சன் நாலு பேரும் சேர்ந்து போட்ட 'ஹைவேமேன்' ஆல்பம் சூப்பர் ஹிட். உடனே நாலு பேரையும் ஒரே குதிரை வண்டியில் ஏற்றிவிட்டது சிபிஎஸ் டிவி. 1939-ல் ஜான் ஃபோர்டு இயக்கி ஜான் வெய்னை ஸ்டார் ஆக்கிய 'ஸ்டேஜ்கோச்' படத்தின் ரீமேக். ஜான் வெய்ன் வேடத்தில் கிரிஸ், மார்ஷலாக ஜானி கேஷ், சூதாடியாக வேலன், இருமிக்கொண்டே வரும் டாக் ஹாலிடேவாக வில்லி. கேஷின் மனைவி ஜூன் கார்ட்டர், வேலனின் மனைவி ஜெஸ்ஸி கோல்டர் என்று குடும்பமே வந்து தலைகாட்டியது. கிளாசிக் படத்தோடு ஒப்பிட்டால் கோபம் வரும். நாலு நண்பர்கள் பிக்னிக் போன வீடியோ என்று நினைத்துப் பார்த்தால் ஜாலியாகப் போகும்.

'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' அவ்வளவு கூட்டம் பார்க்கவில்லை. 1986-ல் டென்வர் திரைப்பட விழாவில் காட்டினார்கள், அடுத்த வருடம் ஒரு சின்ன விநியோக நிறுவனம் சில தியேட்டர்களில் வெளியிட்டது, அப்படியே கேசட் கடைக்குப் போய்விட்டது.

செட் பிரிக்கப்படாத ஊர்

படம் முடிந்தால் செட்டைப் பிரித்து மரத்தை விற்பதுதான் வழக்கம். வில்லி பிரிக்கவில்லை. அந்தத் தெருவுக்கு 'லக்' என்று பெயர் வைத்தார். லக், டெக்சாஸ். அங்கே இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டத்துக்குள் இருக்கிறீர்கள், கிளம்பிவிட்டால் அதிர்ஷ்டத்துக்கு வெளியே என்பது அவருடைய பழைய ஜோக். அங்கே சீட்டாடினார், நண்பர்களை உட்காரவைத்துக் கதை பேசினார். இறைச்சிக்காக வெட்டப்பட இருந்த சுமார் 70 குதிரைகளை வாங்கி அந்த நிலத்தில் மேயவிட்டார்.

இதுக்கு நடுவே 1990-ல் வரித்துறை அவர் மேல் பாய்ந்தது. பாக்கி 1.6 கோடி டாலருக்கு மேல். சொத்துகளைப் பூட்டி ஏலம் விட்டார்கள். அதிகாரிகள் கைக்குப் போகாமல் 'ட்ரிகர்' கிட்டாரை மகள் லானா பத்திரமாக வைத்திருந்தார். கடனை அடைப்பதற்காகவே ஒரு ஆல்பம் போட்டு, சில வருடங்களில் வரித்துறையோடு கணக்கை முடித்தார் மனுஷன்.

இன்று ஆண்டுதோறும் மார்ச்சில், ஆஸ்டின் நகரமே எஸ்எக்ஸ்எஸ்டபிள்யூ இசை விழாவில் மூழ்கியிருக்கும் நேரத்தில், இந்த லக் ஊரில் 'லக் ரீயூனியன்' என்ற ஒருநாள் விழா நடக்கிறது. சினிமாவுக்காகக் கட்டிய குட்டி சர்ச்சுக்குள் யாரோ ஒரு புதுப் பாடகர் கிட்டாரோடு நிற்பார், பெஞ்சுகளில் சில பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து கேட்பார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பவர்களும் உண்டு.

பார்க்கணும்னு தோணினா ஒரு வேண்டுகோள். படத்தில் ஆரம்பிக்காதீங்க. ராத்திரி லைட்டை அணைச்சுட்டு, இயர்போன் போட்டு, ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை ஷஃபிள் இல்லாமல் கேளுங்க. நடுவில் ஒரு பாட்டைத் தாண்டினாலும் கதை கை நழுவும். மறுநாள் படத்தைப் பாருங்க, அதிலும் அந்த சர்ச் வரும் காட்சியை. சுவரில் இன்னும் பெயின்ட் காயாத மாதிரி இருக்கும்.